முந்நூற்று நான்கு: சீட்டாட்டத்திற் கணக்கறிவு

தென்மேற்குப் பருவமழை மூண்டுவிட்டாற் கொத்மலைச் சாரலில் ஞாயிறு முழுவதும் வீட்டினுள்ளேயே கழியும். அத்தகைய நாட்களில் லயத்து வாயிலில் நால்வர் வட்டமாக அமர்ந்து சீட்டாடக் காணலாம். காண்போர் அதனைச் சோம்பரின் தொழிலென இகழ்ந்து கடப்பர். ஆயின் இலங்கையிற் சிங்களரும் தமிழரும் ஒருங்கே விரும்பியாடும் 'முந்நூற்று நான்கு' என்னும் ஆட்டம், கணித நூலார் நிகழ்தகவு என வழங்கும் பகுதிக்குச் சிறந்ததொரு பயிற்சிக்களமாகும். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

எதிரெதிரே அமர்ந்த இருவர் ஓரணியாக, நால்வர் ஆடுவது இவ்வாட்டம். ஓரினத்துக்கு எட்டாக 32 சீட்டுகள் உள. அவற்றுள் ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, ராஜா 3, ராணி 2 எனப் புள்ளி பெறும். எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளியில்லை. ஆகவே ஓரினத்துக்கு 76 புள்ளி, நான்கினத்துக்கும் 304. ஆட்டத்தின் பெயர்க்காரணமும் இதுவே. ஜாக்கும் ஒன்பதும் ராஜாவை வெல்வது புதியோர்க்கு வியப்பாகலாம். ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ் ஆட்டத்திலும் துரும்பினத்தில் இவ்விரண்டுமே தலைமை பெறுகின்றன.

முதலில் ஒவ்வொருவருக்கும் நான்கு சீட்டுகள் வழங்கப்படும். அவற்றை மட்டும் நோக்கி, "இத்துணைப் புள்ளி எடுப்போம்" என்று கேட்டல் வேண்டும். குறைந்த கேள்வி 160. மிகுதியாகக் கேட்டவர், ஏனைய இனங்களை வெட்டவல்ல துரும்பினைத் தேர்ந்து, அவ்வினத்துச் சீட்டொன்றைக் கவிழ்த்து வைப்பார். அதன்பின் எஞ்சிய நான்கு சீட்டுகள் வந்து சேரும். பாதியை அறிந்து முழுமையைத் துணியும் இவ்விடத்திலேதான் அறிவும் ஆசையும் போராடுகின்றன.

கணக்கு யாது கூறுகின்றது? ஓரணிக்குச் சராசரியாகக் கிட்டுவது 304இற் பாதி, அதாவது 152. கேள்வியோ 160. நமது கையிலுள்ள நான்கு சீட்டுகளின் புள்ளி 52 எனக் கொள்வோம். எஞ்சிய 28 சீட்டுகளில் 252 புள்ளி உண்டு. சீட்டுக்கு 9 வீதமாகும். அவற்றுள் நமக்கு நான்கும் கூட்டாளிக்கு எட்டுமாக 12 சீட்டுகள் வரும். அவற்றின் சராசரி 108. 52உம் 108உம் சேர 160 ஆதல் காண்க. ஆகவே கையில் 52 புள்ளி இருந்தாற்றான் கேள்வி ஏறக்குறையச் சமநிலையை அடைகின்றது.

ஆனாற் சமநிலை போதுமா? போதாது. பலரும் ஆடும் முறைப்படி 160 முதல் 190 வரை கேட்டு வென்றால் வரவு ஒரு காய்; தோற்றாற் செலவு இரண்டு காய். எனவே மூன்று முறை கேட்டால் இருமுறையேனும் வென்றாலன்றி முதல் தேறாது. 200 முதல் 240 வரை கேட்பின் வரவு இரண்டு, செலவு மூன்று. ஐந்துக்கு மூன்று வெல்லல் வேண்டும். இப்பற்றாக்குறையை நிரப்புவது துரும்பின் நீளமே. ஜாக், ஆசு, எட்டு என ஓரினத்தில் மூன்றும் வேறோர் ஆசும் இருப்பின் 160 கேட்கலாம். எதிரணியின் புள்ளியையும் வெட்டிக் கவர இயலும். அதே 52 புள்ளி நான்கினத்திலும் சிதறிக் கிடப்பின் மௌனமே நன்று.

மற்றொரு மயக்கமும் உண்டு. "துரும்பின் ஒன்பது நம் பக்கமே வரும்" என்று நம்பிக் கேட்பார் பலர். காணாத 28 சீட்டுகளில் நமக்குரியன 12, எதிரணிக்குரியன 16. ஆகவே அது நம்மிடம் வருதல் ஏழில் மூன்று பங்கு. பகைவரிடம் சேர்தல் ஏழில் நான்கு பங்கு. ஆசை எப்போதும் இவ்விரண்டையும் மாற்றியே எண்ணுகின்றது.

ஆடுங்கால் எல்லாச் சீட்டையும் நினைவில் வைத்தல் அரிது. நான்கு ஜாக்கும் நான்கு ஒன்பதும் சேர்ந்து 200 புள்ளியாகும். இவ்வெட்டினையும் மறவாதவர் ஆட்டத்தின் மூன்றில் இரு பங்கினை அறிந்தவராவர்.

பாரதத்தின் வனபருவத்திலே, தான்றி மரத்தின் இலையையும் காயையும் ஒரு நோக்கில் எண்ணிக் கூறிய இருதுபன்னனிடமே நளன் சூதின் நுட்பத்தைக் கற்றனன். அரசிழந்த பின்னர் வந்த அறிவு அது. புளியங்கொட்டையைக் காயாக வைத்து ஆடும் இளைஞனுக்கு அவ்வறிவு இழப்பின்றியே கிட்டுகின்றது. காயிருந்த இடத்திற் கொழுந்து பறித்தீட்டிய நாட்கூலி வைக்கப்படுமாயின், தோல்விக்கு இரட்டை விலை என்னும் விதி அடுப்படி வரை சென்று தாக்கும். கேட்கத் தகாத கையை அறிந்து வாளாவிருத்தலே இவ்வாட்டம் கற்பிக்கும் தலையாய பாடம். அதனைக் கற்றவன் காசு வைக்கும் களத்திலிருந்தும் எழுந்துவிடுவான்.