உமியும் சலவைத்தூளும்

அக்குறணைப் பக்கமிருந்து வரும் பிங்கா ஓயா, வழியிலுள்ள வீடு, கடைகளின் கழிவுநீரையும் சேர்த்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டையில் மகாவலியில் விழுகிறது. சற்றுக் கீழே பொல்கொல்லை அணைக்கட்டு. 1976 முதல் ஆற்றுநீரின் ஒரு பங்கு அங்கிருந்து சுரங்கம் வழியாக வறண்ட வலய வயல்களுக்குப் போகிறது. அந்த வயல்கள் தரும் உமியைக் கொண்டே இந்த ஓயாவில் உலோகம் கலந்திருக்கிறதா என்று சோதிக்க முடியுமா?

நெல்லின் நிறையில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு உமிதான். அதைப் பொடியாக்கி, மூடிய உருக்குக் கலனில் நீருடன் 200 பாகை செல்சியஸ் அளவில் சில மணி நேரம் வேகவைக்கிறார்கள். பிரஷர் குக்கர்தான், கொஞ்சம் முரடு. வடித்தால் பழுப்புநிற நீர் கிடைக்கும். அதில் 10 நனோமீற்றருக்கும் சிறிய காபன் துணிக்கைகள் மிதக்கும். புறஊதா விளக்கைக் காட்டினால் நீலமாக ஒளிரும். கள்ளநோட்டைப் பிடிக்கக் கடைகளில் வைத்திருக்கும் விளக்கே போதும். இத்தகைய துணிக்கைகளை 2004 இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், காபன் நனோகுழாய்களைச் சுத்திகரித்துக்கொண்டிருந்தவர்கள் தற்செயலாகக் கண்டார்கள்.

துணிக்கையின் மேற்பரப்பில் ஒட்சிசன் சேர்ந்த கூட்டங்கள் உண்டு. இரும்பு, இரசம் போன்றவற்றின் அயன்கள் அங்கே ஒட்டிக்கொண்டால், விளக்கு கிளர்த்திய இலத்திரன் ஒளியை உமிழாமல் அயன் பக்கம் போய்விடும். நீலம் மங்கும். எவ்வளவு மங்கியது என்பதைக் கைபேசிக் கமராவே சொல்லிவிடும்.

ஆய்வுகூடத் தூய நீரில் இது அழகாக வேலை செய்யும். ஓயா நீர் அப்படியல்ல. இரும்பு மங்கச் செய்ததா, இரசமா என்று துணிக்கைக்குப் பிரித்தறிவது கடினம்; சேறும் ஒளியை மறைக்கும். இன்னொரு வம்பும் உண்டு. துணி வெள்ளையாகத் தெரியச் சலவைத்தூளில் ஒரு சாயம் கலக்கிறார்கள். அதுவும் புறஊதாவில் நீலமாகவே ஒளிரும்! உமித் துணிக்கை மங்கினாலும் சலவைநீர் அதை மூடிமறைத்துவிடும். இந்த உமி முறை மலிவு என்று பெருமைப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை. உமி மலிவுதான், அளவீட்டை நம்பத்தக்கதாக்கும் வேலை மலிவல்ல.

ஆனால் அந்த வம்பே ஒரு சோதனை. சாயமேறாத பஞ்சுத் துண்டொன்றை ஓயாவில் சில நாள் கட்டிவைத்து, எடுத்து உலர்த்தி, இருட்டில் அதே விளக்கைக் காட்டலாம். பஞ்சு நீலமாக ஒளிர்ந்தால், மேலே எங்கோ வீட்டுக் கழிவுக்குழாய் ஓயாவுக்குள் திறந்திருக்கிறது. வெளிநாடுகளில் ஓடைகளில் கழிவுநீர்க் கசிவைத் தேடப் பயன்பட்ட முறைதான். இதற்கு உமிகூடத் தேவையில்லை.