மனைக் காவலும் சிறு கணினியும்

மனையையும் விளைபொருளையும் காத்தல் தொன்றுதொட்டு வரும் கடமையாகும். அதற்குப் பொறியைத் துணைக்கொள்ளுதலும் புதிதன்று. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில் மதுரை மதிலின் பொறிகள் நிரல்படக் கூறப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, குரங்கு போலிருந்து சேர்ந்தாரைக் கடிப்பது என உரையாசிரியர் விளக்குவர். அன்று குரங்கு வடிவிற் காவற்பொறி அமைந்தது. இன்று கண்டி நகரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலோ, குரங்கினின்றே மனையைக் காக்கப் பொறி வேண்டப்படுகின்றது.

உடவத்தகெலேக் காட்டை அடுத்த மனைகளுக்கு இலங்கைக்கே உரிய செங்குரங்குகள் அழையா விருந்தினர். இரவிற் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் தோட்டங்களைக் கிளறும். வந்தது விலங்கோ கள்வனோ என ஐயமற அறிதலே காவலின் முதற்படியாம்.

அவ்வறிவைத் தரும் கருவியை மனையிலேயே அமைத்தல் இக்காலத்து எளிதாயிற்று. ஒற்றைப் பலகையில் முழுமை பெற்ற, உள்ளங்கையில் அடங்கும் றாஸ்பெரி பை என்னும் கணினி 2012 ஆம் ஆண்டு பெப்ரவரி 29 ஆம் நாள் விற்பனைக்கு வந்தது. இளைஞர் கணினியைத் தாமே இயக்கிப் பழகுதல் வேண்டும் என்னும் நோக்குடன் எபன் அப்டன் முதலியோர் கேம்பிரிட்ஜில் இதனை ஆக்கினர். இதற்குரிய சிறு கமரா 2013 இல் வெளிவந்தது.

இக்கருவி காவல் புரியும் முறை வருமாறு. கமரா ஒரு பட்டைக் கம்பியினாற் கணினியோடு இணைக்கப்படும். நினைவட்டையில் ‘மோஷன்’ என்னும் இலவச மென்பொருள் பதியப்படும். அகலத்தில் 640, உயரத்தில் 480 புள்ளிகளையுடைய படமொன்றில் மொத்தம் 307,200 புள்ளிகள் உள. மென்பொருள் முன்னைய காட்சியோடு புதிய படத்தை ஒப்பிட்டு, மாறிய புள்ளிகளை எண்ணும். எல்லை நூற்றுக்கு ஒன்று என வகுக்கப்படின், 3,072 புள்ளிகளேனும் மாறினாலன்றிப் பதிவு நிகழாது. இவ்வெல்லை இன்றியமையாதது. நொடிக்கு 20 இலட்சம் பிற்று வீதம் இடையறாது பதியின் நாளொன்றுக்கு 21.6 கிகாபைற்று சேரும். 32 கிகாபைற்று நினைவட்டை ஒன்றரை நாளில் நிரம்பிவிடும். இருளிற் காண்பதற்கு, அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் வடி நீக்கப்பட்ட கமராவும் அக்கதிரை உமிழும் விளக்கும் வேண்டும்.

மலைநாட்டின் இயல்பு இதற்குச் சில இடர்களை விளைவிக்கும். மழைக்காற்றில் அசையும் வாழையிலையையும் மென்பொருள் ‘வரவு’ என்றே கொள்ளும். ஆதலின் இலையசையும் பகுதியைக் கணக்கினின்று விலக்குதல் நன்று. ஈரம் கண்ணாடியிற் படியாதவாறு பெட்டியை இறுக மூடி, உள்ளே ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளை இடுதல் வேண்டும். மின்சாரம் திடீரென நிற்பின் நினைவட்டை பழுதுறலாம். 2022 இன் நீண்ட மின்வெட்டுகளை அறிந்தோர் 5 வோல்ற்று மின்கலத் துணையின் அருமையை உணர்வர்.

இவற்றினும் பெரிய இடர் ஒன்றுண்டு. 2016 இல் மிராய் என்னும் தீநிரல், தொடக்கக் கடவுச்சொல் மாற்றப்படாத கமராக்கள் முதலியவற்றைப் பெருந்தொகையாகக் கைப்பற்றியது; அவற்றைப் படையாக்கி, ஒக்டோபர் 21 ஆம் நாள் புகழ்பெற்ற இணையத்தளங்கள் பலவற்றை முடக்கியது. காவலனே பகைவனுக்கு ஏவலனாயினான். ஆகவே, கடவுச்சொல்லை மாற்றுதலும் பதிவுகளை மனையளவில் வைத்தலும் முதற்கடன்களாம்.

அயலார்க்குச் செய்யும் கடனும் உண்டு. கண்டியின் சரிவுகளில் மேல்வீட்டு முற்றத்தினின்று நோக்கின் கீழ்வீட்டுக் கிணற்றடி புலனாகும். கமராவைச் சிறிது தாழ்த்தினால் அயலாரின் அன்றாட வாழ்வு முழுவதும் பதிவாகும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனியொருவர் முற்றிலும் வீட்டுத் தேவைக்கெனத் தரவைக் கையாளுதலைத் தன் ஆட்சியினின்று விலக்குகின்றது. சட்டம் விலகி நிற்குமிடத்து மனச்சான்று முன்னிற்றல் வேண்டும்.

விலைக்கு வாங்கிய கருவியின் பார்வை எவ்வளவு செல்லும், அதன் பதிவு யாரிடம் சேரும் என்பவற்றை வாங்கியோர் பெரும்பாலும் அறியார். தன் கையால் அமைத்தவனோ இரண்டையும் அறிவான். அவ்வறிவே இம்முயற்சியின் உண்மைப் பயன். அறிந்தவன் தன் பொறியின் கண்ணைத் தன் வேலியளவில் நிறுத்துவானாயின், அவனது மனையோடு அயலாரின் அமைதியும் காக்கப்படும்.