நாய்க்குட்டி வீட்டுக்கு வருமுன்

"அம்மா, எங்களுக்கும் ஒரு நாய்க்குட்டி வேணும்." இங்கு பிறந்து வளரும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தக் கேள்வி எப்படியும் ஒருநாள் வந்துவிடும். ஊரில் நாய் முற்றத்தில் கிடந்தது, மிச்சச் சோற்றைத் தின்று தானாகவே வளர்ந்தது. டென்மார்க்கில் அது எம்முடன் வீட்டுக்குள் வாழப்போகிறது. ஊர்ப் பழக்கம் இங்கு சரிவராது.

வாடகை வீட்டில் இருப்போர், நாய் வளர்க்க அனுமதி உண்டா என்பதை முதலில் விசாரியுங்கள். குட்டியை 8 வாரத்துக்கு முன்னர் தாயிடமிருந்து பிரிக்கச் சட்டம் இடமளிக்காது. அந்த வயதுக்குள் சிப் பொருத்தி, நாய்ப் பதிவேட்டில் பதிந்திருக்கவும் வேண்டும். பதிவு உங்கள் பெயருக்கு மாறியதா என்று பாருங்கள். நாய் பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கு உரிமையாளரே பொறுப்பு என்பதால் அதற்கான காப்புறுதியும் கட்டாயம்.

இனி எமது குசினிக்கு வருவோம். ஆபத்து அங்குதான் அதிகம். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களைச் சிதைக்கும். கறியில் வெந்தாலும் அந்த நஞ்சு போகாது. "கொஞ்சக் குழம்புதானே" என்று சோற்றில் பிசைந்து வைக்காதீர்கள். நாய் சோர்வதும், முரசு வெளிறுவதும், சிறுநீர் கறுப்பதும் சில நாட்கள் கழித்தே தெரியவரும். பாயாசத்தில் போடும் முந்திரிகை வத்தல் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். சொக்கிலேற்றும், சீனியில்லாச் சுவிங்கத்தில் உள்ள சைலிற்றோலும் நஞ்சுதான். சமைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும். வீட்டிலுள்ள அம்மம்மாவுக்கும் இதைச் சொல்லி வையுங்கள், பாசத்தில் ஊட்டுபவர் பெரும்பாலும் அவர்தான்! இவற்றில் ஒன்றைத் தின்றுவிட்டால் அறிகுறி தெரியும்வரை காத்திராமல் உடனே மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுங்கள். உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைப்பது கூடாது.

முதல் சில இரவுகள் குட்டி அழும். தாயையும் கூடப்பிறந்தவற்றையும் விட்டு வந்த குட்டி அது. குளியலறையில் பூட்டாமல் அதன் கூடையை உங்கள் கட்டிலருகே வையுங்கள். நித்திரையால் எழும்பியதும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுபோங்கள், மாசி மாதக் குளிரிலும்தான். வீட்டுக்குள் நனைத்துவிட்டால் அடிக்காதீர்கள். அடித்தால் அது ஒளித்திருந்து பெய்யவே பழகும். தனியே இருக்கவும் சில நிமிடங்களிலிருந்து மெல்ல மெல்லப் பழக்க வேண்டும். ஆகவே இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஒருவராவது முதல் வாரங்களில் லீவு எடுப்பது நல்லது.

தடுப்பூசி வழமையாக 8, 12 வாரங்களில் போடப்படும். குட்டிகளிடமுள்ள வட்டப்புழு பிள்ளைகளுக்கும் தொற்றலாம். எனவே பூச்சி மருந்தை வைத்தியர் சொன்னபடி கொடுங்கள். குட்டியைத் தொட்டுவிட்டுக் கைகழுவாமல் பிள்ளைகளைச் சாப்பிட விடாதீர்கள்.

ஆடித் திருவிழாவுக்கு ஊருக்குப் போகும் குடும்பங்கள், அந்த நாலைந்து வாரமும் நாய் யாருடன் நிற்கும் என்பதை வாங்குமுன்னரே பேசி முடிவெடுங்கள்.