அடிபட்ட காரை கயிறு கட்டி இழுக்காதீங்க!

நல்லவேளை, விபத்தில் யாருக்கும் அடி இல்லை. கார்தான் முன்பக்கம் நசுங்கி, ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது. ஐந்து நிமிடத்தில் யாராவது கயிற்றோடு வந்துவிடுவார். நல்ல மனசுதான். ஆனாலும், வேண்டாம்.

இன்ஜின் ஓடாத காரில் பிரேக் கல் மாதிரி இறுகிவிடும். ஸ்டீயரிங்கைத் திருப்பவே படாதபாடு படவேண்டும். முன்னால் இழுக்கும் வண்டி சட்டென நின்றால், பின்னால் வரும் கார் நேரே போய் மோதும்.

ஆட்டோமேட்டிக் கார் என்றால் இன்னும் சிக்கல். பெரும்பாலான மாடல்களில் இன்ஜின் ஓடினால்தான் கியர்பாக்ஸுக்குள் ஆயில் சுற்றும். ஆயில் இல்லாமல் சக்கரம் உருண்டால் உள்ளே தேய்ந்து, பம்பர் செலவோடு கியர்பாக்ஸ் செலவும் சேர்ந்துகொள்ளும். ஆட்டோமேட்டிக், எலெக்ட்ரிக், ஃபோர் வீல் டிரைவ் கார்களை பிளாட்பெட் லாரியில் முழுசாக ஏற்றிக் கொண்டுபோவதே பத்திரம். முன்சக்கரங்களில் ஓடும் மேனுவல் கார் என்றால், முன்பக்கத்தைத் தூக்கிச் செல்லும் ரெக்கவரி வண்டி போதும். ஹேண்ட் பிரேக்கை மட்டும் எடுத்துவிடுங்கள்.

தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033. காரை நகர்த்தும் முன்பே நாலு பக்கமும் போட்டோ எடுத்து, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிடுங்கள். வழக்கமான கார் பாலிசியில் இழுத்துச் செல்லும் செலவுக்கு 1,500 ரூபாய்தான் உச்சவரம்பு. விழுப்புரத்திலிருந்து சென்னைக்குக் கொண்டுவர அது எந்த மூலைக்கு? 'ரோடு சைடு அசிஸ்டன்ஸ்' சேர்த்திருக்கிறீர்களா என்று பாலிசியைப் புரட்டிப் பாருங்கள். எத்தனை கிலோமீட்டர் வரை என்பதையும்தான்.