புழைக்கடையில் ஓர் ஓமவல்லிச் செடி

ஓமவல்லியை நம் கிராமங்களில் அறியாதார் இலர். கற்பூரவல்லி என்றும் இதனை அழைப்பர். ஆயினும் குழந்தைக்கு இருமல் கண்ட பிறகே அடுத்த வீட்டுச் செடியைத் தேடி ஓடுவது நம் வழக்கமாக இருந்து வருகிறது. அவ்வாறு பலர் கை பட்டு மொட்டையாகிப் போன செடிகளை நாம் பல ஊர்களில் கண்டிருக்கிறோம்.

பெயரைக் கொண்டு சிலர் இதனை ஓமம் விளையும் செடியென எண்ணுகின்றனர். அது தவறு. ஓமம், சீரகத்தின் இனத்தது. ஓமவல்லியோ துளசி, புதினா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. மேனாட்டார் சமையலில் பெரிதும் விரும்பும் ஆரிகனோ என்னும் மூலிகையும் இக்குடும்பத்ததே. கார்வக்ரால் என்னும் வாசனைப் பொருள் இவ்விரண்டின் இலைகளிலும் உண்டு. ஆரிகனோத் தூளை நகரத்துக் கடைகளில் விலை கொடுத்து வாங்குவோர், ஏறக்குறைய அதே மணம் தம் புழைக்கடையிலேயே கிடைப்பதை அறியார்!

இச்செடி விதை பிடிப்பது அரிது. ஆகவே தண்டு நட்டே பெருக்குதல் வேண்டும். 4 முதல் 6 அங்குல நீளமுள்ள தண்டை ஒடித்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணுக்கள் மண்ணில் புதையுமாறு நட்டால் இரண்டு மூன்று வாரங்களில் வேர் ஓடிவிடும். ஓட்டைப் பானையே போதும். இலைகள் நீரைச் சேமித்து வைப்பவை. எனவே மேல்மண் காய்ந்த பின்னரே நீர் விடுதல் வேண்டும். பாத்திரம் கழுவும் நீர் தேங்குமிடத்தில் வைத்தால் வேர் அழுகிப் போகும். நுனியைக் கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளைகள் பெருகும். பள்ளிச் சத்துணவுக் கூடத்தினருகே பத்துச் செடிகளை வளர்க்க ஊராட்சி உறுப்பினர்கள் முன்வந்தால், தெருவுக்குத் தெரு தண்டு வழங்கலாம். இதற்கு மதிப்பீடும் வேண்டா, ஒப்பந்தக்காரரும் வேண்டா.

பஜ்ஜி யாவரும் அறிந்ததே. தயிர்ப் பச்சடியையும் செய்து பார்த்தல் நன்று. பத்துப் பன்னிரண்டு இலைகளை நெய்யில் சுருள வதக்கி, தேங்காய், பச்சை மிளகாய், சீரகம் சேர்த்தரைத்து, தயிரில் கலந்து கடுகு தாளிக்க வேண்டும். வதக்காமல் அரைத்தால் காரநெடி மிகுந்து குழந்தைகள் தொடமாட்டார்கள். ரசத்திற்கு இரண்டு இலைகள் போதும். இறக்கும்போது கிள்ளிப் போடுக.

இருமலுக்கு இலைச்சாறு கொடுப்பது நெடுநாளைய வழக்கம். ஆனால் ஆறு மாதம் நிறையாத சிசுவுக்கு இச்சாற்றைப் புகட்டலாகாது. குழந்தைக்கு மூச்சு வேகமாக வாங்கினாலோ, மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அது நிமோனியாவாக இருக்கக்கூடும். அப்போது சாறு பிழிந்து கொண்டிராமல், இரவானாலும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். 108 ஊர்திக்குக் கட்டணம் இல்லை.