அனுப்பு விவரிப்பான் வளையம்

அனுப்பு விவரிப்பான் வளையம் என்பது, கணினியின் முதன்மை நினைவகத்தில் காத்திருக்கும் தரவுப் பொட்டலங்களைப் பிணைய அட்டைக்கு அடையாளம் காட்டும் வட்டப் பட்டியல் ஆகும். அனுப்ப வேண்டிய தரவை மையச் செயலி ஒவ்வொரு பைட்டாக அட்டைக்குள் கொண்டுசேர்ப்பதில்லை. தரவு பஃபர் எனப்படும் இடையகத்திலேயே இருக்கும். அட்டை நேரடி நினைவக அணுகல் முறையில் அதைத் தானே படித்துக்கொள்ளும். இதனால் செயலியின் வேலை குறைகிறது. ஆனால் ஒரே இடையகத்தை இயக்கி மென்பொருளும் அட்டையும் கையாள்வதால், குறித்த நேரத்தில் அது யார் பொறுப்பில் உள்ளது என்பது ஐயமின்றித் தெரிந்தாக வேண்டும். 1980களில் வந்த ஏ.எம்.டி. நிறுவனத்தின் லான்ஸ் சில்லு, ஒவ்வொரு பதிவிலும் 'உரிமை' பிட் ஒன்றை வைத்து இதைத் தீர்த்தது. இன்டெல் 8254எக்ஸ் குடும்பத்துக் கிகாபிட் அட்டைகள் வேறு வழியைக் கையாண்டன. கியூஎமு மென்பொருள் இந்த அட்டையைப் போலியாக இயக்கிக் காட்டுவதால், இயக்கி எழுதக் கற்கும் மாணவர்கள் பலர் முதலில் சந்திப்பது இதைத்தான்.

விவரிப்பானும் இரு சுட்டிகளும்

8254எக்ஸ் அட்டையின் அடிப்படை விவரிப்பான் 16 பைட்டு கொண்டது. முதல் 8 பைட்டுகள் இடையகத்தின் முகவரி. அடுத்த 2 பைட்டுகள் நீளம். எஞ்சியவற்றில் கட்டளை பிட்டுகள், நிலை பிட்டுகள் முதலியன உள்ளன. இங்கே தரவேண்டியது நிரல்கள் பயன்படுத்தும் மெய்நிகர் முகவரி அன்று, அட்டைக்குப் புரியும் பௌதிக அல்லது பாட்டை முகவரி. ஒரு பொட்டலம் பல இடையகங்களில் சிதறியிருந்தால் அத்தனை விவரிப்பான்கள் தேவை. கடைசியானதில் மட்டும் 'பொட்டல முடிவு' பிட் இடப்படும்.

வளையத்தில் எதுவரை வேலை உள்ளது என்பதைத் தலை, வால் என்னும் இரு பதிவகங்கள் காட்டுகின்றன. வாலை இயக்கி நகர்த்தும். தலையை அட்டை நகர்த்தும். 16 இடங்கள் கொண்ட வளையத்தில் இரண்டும் 0 எனக் கொள்வோம். இயக்கி 0, 1, 2 ஆகிய இடங்களை நிரப்பி, வாலில் 3 என எழுதுகிறது. அந்த எழுத்தே அட்டைக்கு அழைப்பு மணி. தலையும் 3-ஐ எட்டியதும் அட்டை நின்றுவிடும். இரண்டும் சமமானால் வளையம் காலி என்று பொருள் என்பதால், 16 இடங்களில் ஒரே நேரத்தில் 15-ஐ மட்டுமே நிரப்ப முடியும்.

விவரிப்பான் நினைவகத்தில் முழுமையாக எழுதப்பட்ட பின்னரே வால் நகர வேண்டும். ஏ.ஆர்.எம். போன்ற செயலிகள் எழுத்துகளின் வரிசையை மாற்றக்கூடும். ஆகவே இரண்டுக்கும் நடுவே நினைவகத் தடுப்பு ஆணை இடப்படுகிறது.

இடையகத்தைத் திரும்பப் பெறுதல்

இயக்கி எழுதுபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். வாலை நகர்த்தியதும் பொட்டலம் போய்விட்டது என்று கொள்ள முடியாது. இயக்கி 'நிலை அறிவி' பிட்டை இட்டிருந்தால், வேலை முடிந்ததும் அட்டை அந்த விவரிப்பானில் 'முடிந்தது' பிட்டை எழுதும். அதைப் பார்த்த பிறகே இடையகத்தை விடுவிக்கலாம்.

அதற்கு முன்பே விடுவித்தால், அந்த நினைவகம் வேறு வேலைக்குப் போய், அதில் புதிதாக எழுதப்பட்டது கம்பியில் வெளியேறக்கூடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஈத்தர்நெட் சட்டகத்தின் சரிபார்ப்புக் குறியை அட்டை தான் படித்த தரவிலிருந்தே கணக்கிடுவதால், பெறுபவருக்கு அது குறையற்ற சட்டகமாகவே தோன்றும். டி.சி.பி. சரிபார்ப்புத் தொகையையும் அட்டையே கணக்கிடுமாறு விட்டிருந்தால், இடையில் மாறிப்போன தரவுக்கும் சரியான தொகையே கிடைக்கும்.

நீளத்தைத் தவறாகக் கையாள்வதும் இதே போன்ற கசிவைத் தரும். ஈத்தர்நெட் சட்டகம், சரிபார்ப்புக் குறி நீங்கலாக, குறைந்தது 60 பைட்டு இருக்க வேண்டும். ஓர் ஏ.ஆர்.பி. செய்தி தலைப்புடன் சேர்த்து 42 பைட்டுதான். மீதி 18 பைட்டுகளைச் சுழியால் நிரப்பாமல் நீளத்தை மட்டும் 60 எனக் கொடுத்த இயக்கிகள், இடையகத்தில் கிடந்த பழைய தரவையும் சேர்த்து அனுப்பின. 2003 தொடக்கத்தில் ஈத்தர்லீக் என்ற பெயரில் இது வெளிச்சத்துக்கு வந்தது. பல இயக்கிகளில் இக்குறை இருந்தது. 8254எக்ஸ் அட்டையிலோ, அனுப்புக் கட்டுப்பாட்டுப் பதிவகத்தில் ஒரு பிட்டை இட்டால் குறுகிய பொட்டலங்களை அட்டையே நீட்டிக்கொள்ளும்.

வளையத்தின் அளவு

லினக்ஸின் இ1000 இயக்கி இயல்பாக 256 விவரிப்பான்களை ஒதுக்குகிறது. அனைத்திலும் 1514 பைட்டுப் பொட்டலங்கள் நிறைந்தால், நொடிக்கு 1 கிகாபிட் இணைப்பில் அவை வெளியேற ஏறத்தாழ 3.1 மில்லிநொடி ஆகும். அதே இணைப்பு 10 மெகாபிட் வேகத்துக்கு இறங்கினால் 0.31 நொடி ஆகும். இணையவழிப் பேச்சுக்கு இது மிக அதிகம். வளையத்தில் ஏறிய பொட்டலங்களின் வரிசையையும் மாற்ற இயலாது. அவசரமான குரல் பொட்டலம் பெரிய கோப்பின் துண்டுகளுக்குப் பின்னால் நின்றே தீரவேண்டும்.

2012-இல் வெளியான லினக்ஸ் 3.3 கருனியில் பைட்டு வரிசை வரம்பு என்னும் முறை சேர்க்கப்பட்டது. 'முடிந்தது' எனத் திரும்பி வரும் பைட்டுகளைக் கணக்கிட்டு, அட்டை சும்மா இராத அளவுக்கு மட்டும் வளையத்தில் தரவை இது அனுமதிக்கிறது. மற்றவை கருனியின் வரிசையிலேயே காத்திருக்கும். முன்னுரிமைப்படி ஒன்றை முன்னே நகர்த்த அங்கே வழியுண்டு.