செத்துப்போச்சா, மெதுவா இருக்கா?

5 கணினிகள் சேர்ந்து ஒரு வங்கிக் கணக்கைப் பாதுகாக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று ஒன்றிடமிருந்து பதில் வரவில்லை. அது செத்துப்போச்சா, இல்லை நெட்வொர்க்தான் மெதுவா இருக்கா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். செய்தி எவ்வளவு தாமதமாகவும் வரலாம் என்றால், எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் இந்தச் சந்தேகம் தீராது.

உறுப்பினர் பட்டியல் என்பது யார் உயிரோடு இருக்கிறார்கள் என்கிற உண்மை என்றுதான் நான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன். இல்லை, அது ஒரு தீர்மானம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கென் பிர்மன் குழுவினர் 1980-களில் உருவாக்கிய ஐசிஸ் இப்படித்தான் வேலை செய்தது. பட்டியலில் வரும் மாற்றங்களை எல்லா உறுப்பினர்களும் ஒரே வரிசையில் பார்ப்பார்கள். நீக்கப்பட்ட கணினி உயிரோடு இருந்தாலும் வெளியேதான். திரும்ப வரணும்னா புது உறுப்பினராகத்தான் சேரணும்.

சரி, நெட்வொர்க் நடுவில் அறுந்து, 3 ஒரு பக்கம், 2 இன்னொரு பக்கம் என்று பிரிந்துவிட்டால்? பெரும்பான்மை உள்ள பக்கம் மட்டுமே பட்டியலை மாற்றலாம். மற்ற 2 கணினிகளும் நல்லாத்தான் இருக்கும், ஆனாலும் சும்மா இருக்கணும். இல்லைன்னா ஒரே பணத்தை இரண்டு பக்கமும் எடுத்துக் கொடுத்துடும். கணக்கு கெடுவதைவிடக் காத்திருப்பது மேல்.